ஊர்வல மூச்சு

“அதான் சொல்றேனே, இது கல்யாண ஊர்வலம் இல்லீங்க. இவ்ளோ நிதானமா ஊதக் கூடாது.”

“பின்ன எப்படிம்மா ஊதறது? மீசை மொளைச்ச நாள்லேந்து இப்படித்தான் ஊதிக்கினு இருக்கேன்.”

“வெடி வெடிச்ச மாதிரி ஒரே தள்ளா தள்ளுங்க. உள்ள ஒண்ணும் மிச்சம் வைக்காதீங்க.”

மிச்சம் வைக்காமல் ஊதுவது ஆரோக்கியராஜுக்குத் தெரியாத வித்தை. திண்டிவனத்து பேண்டு செட்டில் முதல் டிரம்பெட் அவர்தான். தெருவின் ஒரு முனையில் பிடித்த சுரத்தை மறுமுனைவரை கொண்டுபோக வேண்டுமானால் மூச்சைச் சிறுகச் சிறுகத்தான் விட வேண்டும். விழுப்புரத்து ஆஸ்பத்திரியில், மூக்கில் கிளிப்பும் வாயில் அட்டைக்குழாயுமாக உட்கார்ந்து, அவர் அதையேதான் செய்தார். மூச்சுச் சோதனை எடுக்கும் அஸ்வினி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“மாமா, எழவு வூட்டுக்கு ஊதற மாதிரியே ஊதறியே. அந்தப் பொண்ணு அழுதுடப் போவுது.”

சுவரோரம் உட்கார்ந்து இப்படிக் கேலி செய்தவன் தேவா. அவருடைய மனைவி அன்புச்செல்வியின் தம்பி. பேண்டு செட்டில் இரண்டாவது டிரம்பெட். அன்று அவரை பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்தவனும் அவன்தான்.

ஆரோக்கியராஜுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். தினமும் வாயில் வைத்து இழுக்கச் சொல்லி ஒரு மருந்து பம்பு கொடுத்திருந்தார்கள். அவரோ ஊர்வலம் இருக்கிற நாளில் மட்டும் இழுப்பார். மூச்சு நன்றாக இருக்கும்போது மருந்தை எதற்கு வீணாக்குவது? மூச்சைப் போலவே மருந்தையும் சேமித்து வைத்தார். போன வாரம் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். டாக்டர் சரியென்று சொல்லும்வரை டிரம்பெட்டைத் தொடக் கூடாது என்று அன்புச்செல்வி அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஒலக்கூர் பக்கம் மாதா கோயில் தேர். இவர் ஊதாமல் அந்தத் தேர் நகர்ந்ததே இல்லை.

கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே இருந்த அத்தனையையும் ஒரே தள்ளில் தள்ளினார். அஸ்வினி திரையைக் காட்டினாள்.

“எங்க ஊரு பனமலைங்க. கோடு அந்த மலை மாதிரி சடார்னு ஏறி எறங்கணும். உங்களுது ஏரிக்கரை மாதிரி படுத்துக்கினு இருக்கு.”

பிறகு மருந்தை இழுக்க வைத்து, கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னாள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது நெஞ்சுக்குள் நெடுநாளாய்ப் பூட்டிக் கிடந்த ஓர் அறை திறந்ததுபோல் இருந்தது. காற்று அடிவயிறுவரை போய்வந்தது. இதற்கு இவ்வளவு ருசியா என்று அவருக்கே ஆச்சரியம். மறுபடி ஊதியபோது கோடு எழுந்தது. ஆனால் பாதி மலைதான்.

டாக்டர் இரண்டு கோடுகளையும் பார்த்தார். “மூச்சுக்குழாய்க்குள்ள வீக்கம் இருக்கு. நல்லா இருக்கேன்னு நீங்க நெனைக்கிற நாள்லயும் அது இருக்கும். பல வருஷம் அப்படியே விட்டதுல சில இடம் தடிச்சுப் போச்சு. மருந்து எடுத்தா வீக்கம் வடியும். தடிச்சுப்போனது பழையபடி ஆகாது. தினமும் இழுத்தீங்கன்னா, இருக்கிறத காப்பாத்திக்கலாம்.”

“டிரம்பெட் ஊதலாங்களா?”

“மருந்தை விடாம, முடிஞ்ச அளவுக்கு ஊதுங்க. ஆனா இந்த மூச்சை வச்சிக்கிட்டு இத்தனை நாள் நீளமான சுரமெல்லாம் எப்படிப் பிடிச்சீங்க? அதுதான் எனக்குப் புரியல.”

தேவா மின்விசிறியை அண்ணாந்து பார்த்தான்.

வெளியே டீக்கடையில் நிற்கும்போதுதான் ஆரோக்கியராஜுக்குப் போன கிறிஸ்துமஸ் ஊர்வலம் நினைவுக்கு வந்தது. உச்சத்தில் மூச்சு அறுந்து, டிரம்பெட்டை உதட்டிலிருந்து எடுத்துவிட்டார். சுரம் மட்டும் நிற்கவில்லை. விட மனமில்லாமல் தெருவே அதைப் பிடித்துவைத்திருப்பதாக நினைத்தார். கர்த்தர் பிடித்துக்கொண்டார் என்று வீட்டில்கூடச் சொன்னார்.

“எத்தினி நாளாடா?”

“என்னா மாமா?”

“நான் உட்ட எடத்துல நீ எடுத்து ஊதறது.”

தேவா டீயை ஆற்றினான். “ரெண்டு பேரு ஊதுனா சத்தம் கலக்கத்தானே செய்யும்.”

“வாயை எடுத்தப்புறமும் என் சத்தமேடா வந்துச்சு.”

“உன் சத்தத்தைக் கத்துக்கறதுக்குள்ள பேஜாராப் போச்சு மாமா. நடுவுல லேசாத் திக்குவ பாரு, அதையும் சேத்துல்ல கத்துக்கினேன்!”

ஆரோக்கியராஜ் சிரித்தார். நன்றாகவே சிரித்தார், இருமல் வரவில்லை. ஒரு மனிதன் தன் சத்தத்தை ஒளித்து வைத்துவிட்டு, இன்னொருவனுடைய சத்தத்தில் அவனுடைய பெயரைக் காப்பாற்றியிருக்கிறான். கூட நடந்த ஆட்களுக்குத் தெரியாது, அவருக்கே தெரியாது. நன்றி என்று சொன்னால் இவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். கண்ணைத் துடைத்துவிட்டு, புது பம்பைச் சட்டைப்பைக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டார்.

தேவா பைக்கை உதைத்தான். அவர் பின்னால் ஏறி அவன் தோளைப் பிடித்தார்.

“ஞாயித்துக்கெழமை தேருக்கு முன்னாடி நீ நில்லு மச்சான். மொத டிரம்பெட்ட நீயே ஊது, உன் சத்தத்துல. நான் பின்னால நின்னு ரெண்டாவது ஊதறேன். மூச்சு வாங்கினா கொஞ்சம் நிப்பேன், அப்புறம் வந்து சேந்துக்குவேன். என்னையும் சேத்துக்கினு போவியாடா?”