வாய்க்குள் இருபது குஞ்சுகள்

ஜெயபாரதிக்கு அந்தத் தொட்டியைக் கண்டாலே குமட்டும். ஆனால் அதைக் கழுவுகிற வேலை அவளுடையதாகத்தான் இருந்தது.

2006-ஆம் வருடம், அவர்களுடைய பனியன் கம்பெனிக்குச் சரக்கு வாங்க வந்த வெளிநாட்டுப் பையர்கள் வீட்டுக்கும் வரத் தொடங்கியபோது, அவள் கணவன் சண்முகவேல் ஹாலில் ஐந்தடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வைத்தான். அதில் இருபத்திநான்கு ஆப்பிரிக்கச் சிக்லிட் மீன்கள். மஞ்சள், ஆரஞ்சு, நீலத்தில் கறுப்புப் பட்டை என்று சாயத்தில் அப்போதுதான் முக்கி எடுத்ததுபோல் பளபளத்தன. வளர்ப்பு மீன் கடை வைத்திருந்த ஆரோக்கியராஜ் தூத்துக்குடிப் பக்கத்து ஆள். தொட்டியை நிறுத்திவிட்டுப் போகும்போது சொன்னான்:

"இதுக்கு நல்ல தண்ணி தேட வேண்டாம்க்கா. உங்க போர் தண்ணிதான் தோது. உப்பு ஏறுன தண்ணியிலதான் இதுக நல்லா வளரும்."

வாளியில் வெள்ளையாய்ப் படியும், தலைக்கு ஊற்றினால் முடி கயிறாய்த் திரிந்துபோகும் தண்ணீர் அது. குடிக்க அவர்கள் கேன் வாங்கினார்கள். மனுசர் வாயில் வைக்க முடியாததைக் குடித்து இவை கொழுத்தன. அவளுக்கு முதல் அருவருப்பு அங்கேதான் தொடங்கியது.

கூட்டத்தில் பெரிய நீல ஆண் ஒன்று இருந்தது. தொட்டியில் பாதியைத் தனக்கென்று வைத்துக்கொண்டு, குறுக்கே வருவதன் துடுப்பைக் கடித்துக் கிழிக்கும். காலையில் காபி போடுவதற்கு முன்னால் ஜெயபாரதி செத்து மிதப்பதை வலையில் அள்ள வேண்டும். சிலவற்றுக்கு வால் இருக்காது. கண் இருந்த இடத்தில் குழி இருக்கும். சண்முகவேல் அந்த நீலத்தை 'ஓனர்' என்று செல்லமாகக் கூப்பிட்டான்.

"ஏனுங்க, இதுகளுக்குக் கறி ஆகாதாமா. வயிறு ஊதிச் செத்துப்போகும்னு கடைக்காரர் சொன்னாருங்க" என்று சொல்லிப் பார்த்தாள்.

"கறி தின்னாத்தான் கலரு ஏறும். நீ சும்மா இரு."

கோழி ஈரலைப் பிய்த்துப் போடுவான். மிச்சம் கூழாங்கல் இடுக்கில் அழுகும். மீன்களின் பின்னால் வெள்ளை நூல்போல் கழிவு தொங்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வழுவழுப்பு அவள் முழங்கையை விட்டுப் போகாது.

ஆடி மாதம் மஞ்சள் பெண்மீன் ஒன்று தின்பதை நிறுத்தியது. தாடை வீங்கி, கல் சந்தில் ஒதுங்கி, வெறும் வாயை மென்றுகொண்டிருந்தது. நோவு என்று நினைத்துக் கடைக்குப் போன் செய்தாள்.

"நோவு இல்லக்கா" என்றான் ஆரோக்கியராஜ். "வாய்க்குள்ள முட்டைய வச்சிருக்கு. குஞ்சாகி நீந்துற வரைக்கும், மூணு வாரத்துக்கு ஒண்ணும் திங்காது. பைய வலையில பிடிச்சு வேற தொட்டியில விட்டுருங்க. இல்லாட்டி மத்ததுக விடாது, பாத்துக்கிடுங்க."

அதற்குப் பிறகு அவள் தினமும் அந்த மீன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிரியம் என்று சொல்ல முடியாது. மகள் வயிற்றிலிருந்தபோது தண்ணீர்கூடத் தங்காமல் மூன்று மாதம் கிடந்தது நினைவுக்கு வந்தது. வேறு தொட்டி வேண்டுமென்று சண்முகவேலிடம் இரண்டு முறை கேட்டாள். பார்க்கலாம் என்றான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறன்று அவிநாசியிலிருந்து நாத்தனார் வேலாத்தாளும் அவள் வீட்டுக்காரர் கந்தவேலும் விருந்துக்கு வந்தார்கள். ஜெயபாரதி இலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"மச்சான், இங்க வாங்க. ஒரு வேடிக்கை காட்டறேன்."

சண்முகவேல் மஞ்சள் மீனை வலையில் துரத்திப் பிடித்தான். இடது உள்ளங்கையில் அமுக்கிக்கொண்டு, வலது கட்டைவிரல் நகத்தை அதன் உதட்டுக்குள் நுழைத்துத் தாடையை நெம்பினான். கந்தவேல் நீட்டிய எவர்சில்வர் தட்டில் குஞ்சுகள் உதிர்ந்தன. கண்ணும் வாலும் வந்துவிட்டிருந்தன. வயிற்றில் மஞ்சள் உருண்டை இன்னும் ஒட்டியிருந்தது. துள்ளத் தெரியாமல் சரிந்து கிடந்து துடித்தன.

"இருவது இருக்குமாட்ட" என்றார் கந்தவேல்.

"அதுகளுக்கு இன்னும் நீஞ்சத் தெரியாதுங்க" என்றாள் ஜெயபாரதி. "ஒரு சொம்புலயாவது விடுங்க."

"தொட்டியிலயே விட்டர்றேன்" என்று சிரித்தபடி தாயையும் குஞ்சுகளையும் சேர்த்து உள்ளே கவிழ்த்தான்.

தீனி விழுந்ததென்று எல்லாம் பாய்ந்தன. நீலம் முந்திக்கொண்டது. கண்ணாடியோரம் ஒரே கலங்கல். தாய்மீன் மூலையில் வாயைத் திறந்து திறந்து மூடியது. பிறகு, இரண்டு வாரப் பசியல்லவா, எதிரே வந்த குஞ்சு ஒன்றை அதுவும் விழுங்கியது.

வேலாத்தாள் முகத்தைச் சுளித்தாள். கந்தவேல் தொடையில் தட்டிச் சிரித்தார். சண்முகவேல் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து, சோற்றுக் குண்டாவில் நேரே கையை விட்டு ஒரு பிடி அள்ளி ஜெயபாரதியின் இலையில் வைத்தான்.

"நீயும் உக்காரு பாரதி. சேந்து சாப்புடலாம்."

அவன் கட்டைவிரல் நகக்கண்ணில் ஒரு செதில் ஒட்டியிருந்தது.

"அந்தக் கையில எனக்குச் சோறு வெக்காதீங்க" என்றாள். புழக்கடைக்குப் போய் வயிற்றிலிருந்த காபியெல்லாம் வாந்தியெடுத்தாள். விருந்தாளிகள் தலை நிமிராமல் தின்றுவிட்டுப் போனார்கள்.

மறுநாளிலிருந்து அவள் தொட்டியைத் தொடவில்லை. பத்து நாளில் தண்ணீர் பச்சை பிடித்து, நுரை கட்டியது. வயிறு ஊதிய மீன்கள் மல்லாந்து மிதந்தன. ஆர்டர் பேச வந்த பையர் வாசற்படியிலேயே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, ஆபீசிலேயே பேசிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டான். சண்முகவேல் கம்பெனியில் துணி செக்கிங் வேலை செய்யும் முத்துப்பேச்சியைக் கூட்டிவந்து, வாளியை அவள் கையில் கொடுத்தான்.

ஜெயபாரதி அதை வாங்கி அவன் முன்னால் வைத்தாள். "துணி பாக்க வந்தவள இதுல கை வெக்கச் சொல்லாதீங்க. நீங்களே அள்ளுங்க."

முத்துப்பேச்சி நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் அவனால் கத்த முடியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அள்ளினான். நடுவில் இரண்டு தடவை வெளியே ஓடினான். அவன் ஓங்கரிப்பது ஹால் வரைக்கும் கேட்டது. அவள் உதவிக்குப் போகவில்லை.

சாகாமல் மிஞ்சியது நான்கு மீன். நீலமும் மஞ்சள் தாயும் அதில் இருந்தன. ஆரோக்கியராஜ் வந்து பாலித்தீன் பையில் பிடித்துக்கொண்டான். மஞ்சளைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினான்.

"இதுக்கு ஒண்ணும் ஆகலக்கா. ரெண்டு மாசத்துல மறுபடியும் வாயில வச்சுக்கிடும்."

சந்தோசப்படுவாள் என்று நினைத்தான் போலிருக்கிறது. ஜெயபாரதி முகத்தைத் திருப்பிக்கொண்டு, தொட்டியையும் சேர்த்துச் சீக்கிரம் எடுத்துப் போகச் சொன்னாள்.

தொட்டி நின்ற இடத்தைப் பினாயில் ஊற்றி மூன்று முறை கழுவினாள். புரட்டாசிக்குள் நாற்றம் போய்விட்டது. சண்முகவேல் பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தால் மட்டும் அவள் உடம்பு தானாகவே ஒரு அங்குலம் நகரும். அவன் அதைக் கவனித்தான். ஏனென்று ஒருநாளும் கேட்கவில்லை.