இருபது நிமிடத் தண்ணீர்

பள்ளிக்கூட வாசல் பதினெட்டடி அகலம் இருந்தது. அளவு நாடாவின் ஒரு நுனியை நான் பிடித்துக்கொண்டு நின்றேன், மறுநுனியைக் கொத்தனார். நடுவில் வெள்ளைச் சட்டையில் எங்கள் வகுப்பு மணிகண்டராஜ், கட்டப்போகும் வாசல் வளைவு எங்கே எழும்பி எங்கே இறங்கும் என்று கையை வீசிக் காட்டிக்கொண்டிருந்தான். வெம்பக்கோட்டை பஸ்ஸில் போகிறவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே படிக்கிற மாதிரி எழுத்து இருக்க வேண்டுமாம். மேலே பள்ளியின் பெயர். இரண்டு தூணிலும் கருங்கல் பலகையில், தொண்ணூற்று ஆறில் பத்தாவது படித்த எங்கள் முப்பத்தொன்பது பேரின் பெயர்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒன்றரை வருடமாகச் சேர்ந்த பணம். துபாயிலிருந்து வந்ததும் தீப்பெட்டி ஆபீஸ் கூலியிலிருந்து வந்ததும் அதில் கலந்து கிடந்தது. நாடாவை விடாமலே, “எனக்கென்னமோ இந்த வளைவு வேண்டாம்னு தோணுதுலே” என்றேன்.

“ஏன், வாஸ்து சரியில்லையா?”

“அந்தப் பணத்துல பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கலாம். உடம்புல தீப்பிடிச்சா என்ன செய்யணும், மூச்சு நின்னா நெஞ்சை எப்படி அமுக்கணும்னு. ஷைலா நடத்துறேங்கா. சுத்துப்பட்டுல பதினோரு கவர்மென்ட் ஸ்கூலுக்கு ஒரு வருசம் போய் வரலாமாம்.”

ஷைலா எங்களோடு படித்தவள். இப்போது அரசு மருத்துவமனையில் நர்ஸ். மணிகண்டராஜ் கொத்தனாரைப் பார்த்துச் சிரித்தான். “பிரஸ்ஸுல மையை மோந்து மோந்து இவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு. ஏலே, பயிற்சி குடுத்தா அதுல எங்கனலே பேரு வெட்டுறது?” பிறகு கொஞ்சம் இறங்கி வந்தான். “சனிக்கிழமை ஒருநாள் ஓசியில நடத்திக் காட்டச் சொல்லு. நம்மாட்கள் வந்து பாக்கட்டும். பாத்துட்டுக் குரூப்புல ஓட்டுப் போடுவோம்.” அவன் சின்ன அளவில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறான். பணத்தில் பெரும் பங்கு அவனுடையது. அவன் அவ்வளவு தூரம் இறங்கியதே பெரிது.

நான் ஏன் ஒற்றைக்காலில் நின்றேன் என்று அவனிடம் சொல்லவில்லை.

அந்தப் பத்தாவது வருடத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது மைதாப் பசை வாசனை. எல்லார் வீட்டிலும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுகிற வேலை இருக்கும். புத்தகத்துக்கு அட்டை போடக் கடையில் தாள் வாங்கியதாக ஞாபகமே இல்லை. பிரஸ்ஸில் நிறம் விலகிப்போய்க் கழித்த காலண்டர் தாளைத்தான் போடுவோம். என் கணக்குப் புத்தகத்தில் நாலு கண்ணும் இரண்டு வேலும் உள்ள முருகன், கூடப் படித்த பாண்டிச்செல்வியின் வரலாற்றுப் புத்தகத்தில் உதடு கன்னத்துக்கு ஓடிப்போன லட்சுமி. யார் சாமிக்குக் கண் அதிகம் என்று பந்தயம் கட்டுவோம். சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து நிற்கும்போது எங்கள் அப்பாக்கள் அலுமினியப் பொடி அப்பி, புருவம் வரை வெள்ளியாக மின்னிக்கொண்டு இறங்குவார்கள். வெயில் சாய்கிற நேரத்தில் ஒரு வேன் நிறைய வெள்ளி மனிதர்கள். என் அப்பா யாரென்று நடையை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். அதைவிட அழகான ஒன்றை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. அந்தப் பொடிதான் அவர் நெஞ்சை அரித்தது என்பதும் எனக்குத் தெரியும்.

அந்த அப்பாக்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று. தீப்பிடித்தால் தண்ணீர்ப் பக்கம் போகாதே, மணலை அள்ளு. பொடியில் பிடித்த தீ தண்ணீர் பட்டால் இன்னும் சீறும். கம்பெனியில் ஒவ்வொரு அறை வாசலிலும் சிவப்பு வாளியில் மணல் இருக்கும். பேச்சு வருவதற்கு முன்பே எங்களுக்கு இது தெரியும்.

அரைப்பரீட்சை லீவில் பாண்டிச்செல்வி வீட்டு முற்றத்தில் நாலைந்து பேர் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தோம். கரண்ட் போனது. அவள் அம்மா சிம்னி விளக்கை வைத்துவிட்டுப் போனார். யார் கால் தட்டியது என்று இன்றுவரை தெரியாது. விளக்கு சாய்ந்து அவள் தாவணியில் பிடித்தது. இடது கை முழுக்கத் தீ. மற்றவர்கள் தெருவுக்கு ஓடிவிட்டார்கள். மூன்றடி தூரத்தில் தொட்டி நிறையத் தண்ணீர், மத்தியானம் அவளே அடிபம்பில் அடித்துச் சுமந்து வந்து ஊற்றியது. நானும் மணிகண்டராஜும் அந்தத் தொட்டியைத் தாண்டி ஓடிப்போய் வாசலில் கிடந்த மணலை அள்ளி அள்ளி அவள்மேல் போட்டோம். அந்த முற்றத்தில் பட்டாசு மருந்துப் பொடி ஒரு சிட்டிகைகூடக் கிடையாது.

தீ அணைந்தது. ஒவ்வொரு சந்திப்பிலும் மணிகண்டராஜ் அதைச் சொல்வான்: “நானும் சங்கிலியும் இல்லைன்னா அவ இல்ல.” எல்லோரும் கை தட்டுவார்கள். நானும் சிரித்து அதை வாங்கிக்கொண்டவன்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் வெளிநாட்டு ஆர்டருக்காக எங்கள் பிரஸ்ஸுக்கு ஆடிட் வந்தது. அதற்காக முதலுதவி வகுப்பு வைத்தார்கள். தீ அணைந்த பிறகும் சதை உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும், ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் காட்டினால்தான் அது நிற்கும், புண்ணில் மண்ணோ மாவோ படவே கூடாது என்று வகுப்பெடுத்தவர் சொன்னார். கையில் மை ஒட்டியிருப்பதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

சனிக்கிழமைக்கு இரண்டு நாள் இருக்கும்போது பாண்டிச்செல்வி வீட்டுக்குப் போனேன். அவளும் என் பக்கம் நின்றால் குழுவில் மறுபேச்சு இருக்காது. பட்டாசு பேக்கிங் வேலைக்குப் போய் வந்தவள் சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். இடது முழங்கை மடங்கியபடியே இறுகிப்போனது, நீட்ட வராது. சுளகின் ஓரத்தை இடுப்பில் முட்டுக்கொடுத்து ஒரு கையாலேயே தட்டுவாள்.

“வாலே சங்கிலி. காப்பித்தண்ணி குடிக்கியா?”

நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் புடைப்பதை நிறுத்தவில்லை.

“இப்பத்தான் தெரிஞ்சுச்சா ஒனக்கு? ஆஸ்பத்திரியில டாக்டர் அன்னைக்கே எங்கம்மாவை வஞ்சாரு. எந்தக் கிறுக்குப் பயலுக மணலைப் போட்டதுன்னு. இடுக்கி வச்சு ஒவ்வொன்னா எடுத்தாரு.”

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொன்னா அளுவ. அதை வேற நான் உக்காந்து பாக்கணும்.” சிரித்தாள். “எல்லாரும் ஓடுனப்ப நீங்க ரெண்டு பேரும் கிட்ட வந்தீக. அது போதும்னு விட்டுட்டேன். ஆனா வளைவை நிறுத்தாதலே.”

அதை நான் எதிர்பார்க்கவில்லை.

“நான் பரீச்சை எழுதலைல்ல. குரூப்புலயே என்னையச் சேக்கலை. ஷைலா சண்டை போட்டதாலதான் சேத்தாங்க. இப்ப அந்தக் கல்லுல கடைசிப் பேரா எம் பேரு இருக்கு. கல்லு எப்படி வரும்னு மணிகண்டராஜ் வரைபடம் அனுப்புனான். எம்புட்டுத் தரம் எடுத்துப் பாத்துட்டேன் தெரியுமா? அந்தப் பள்ளிக்கூடத்துல நான் படிச்சேன்னு காட்ட எங்கிட்ட ஒரு காயிதம் கிடையாது.” சுளகைக் கீழே வைத்தாள். “ஒன் மனசு ஆறுறதுக்கு எம் பேரை அழிக்காத.”

காப்பி ஆறிப்போன பிறகுதான் குடித்தேன். திரும்பும்போது, பேசாமல் வளைவே வந்துவிட்டுப் போகட்டும் என்றுகூட நினைத்தேன். ஆனால் ஷைலா அதற்குள் ஹெட்மாஸ்டரிடம் அனுமதி வாங்கியிருந்தாள்.

சனிக்கிழமை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்கார வைத்திருந்தார்கள். எங்களில் பதினைந்து பேர் பின்னால் நாற்காலியில். பாண்டிச்செல்வியும் வந்திருந்தாள், கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற பட்டுச்சேலையில். ஷைலா இரவல் வாங்கி வந்த கால் இல்லாத ரப்பர் பொம்மையைப் பார்த்து, “இவரு யாரு மிஸ், கால் எங்க?” என்று பிள்ளைகள் உருண்டு சிரித்தன. அதில் நெஞ்சை அமுக்கக் கற்றுக்கொடுத்தாள் ஷைலா. முறை வைத்து அமுக்கினார்கள். பிறகு ஷைலா எழுந்து நின்று கேட்டாள்.

“உங்க பக்கத்துல நிக்கிறவங்க சட்டையில தீப்பிடிச்சிருச்சு. என்ன செய்வீங்க?”

“மணல்!”

நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள். மரத்திலிருந்து காக்கை எழும்பியது. மணிகண்டராஜ் பெருமையோடு தொடையில் தட்டினான். “நம்ம ஊருப் பிள்ளைகன்னா சும்மாவா!”

ஷைலா அவனைப் பார்க்கவில்லை. “பொடியில தீப்பிடிச்சா மணல். மனுசன் மேல பிடிச்சா தண்ணி. உருளச் சொல்லணும், தண்ணியை ஊத்தணும். மணல் போட்டா தீ அணையும், புண்ணு ஆறாது” என்றாள். பிள்ளைகளை அதைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தாள். மணிகண்டராஜின் கை தொடையிலேயே நின்றது. மெல்ல என் பக்கம் திரும்பினான். “அப்ப நாம போட்டது…” என்றான். நான் தலையாட்டினேன். அவன் பாண்டிச்செல்வியைப் பார்த்தான். அவள் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாராவது ஒருத்தர் வந்து குழாய்ல கையைக் காட்டுங்க. இருபது நிமிசம்னா எம்புட்டு நேரம்னு எல்லாருக்கும் தெரியணும்” என்றாள் ஷைலா. பிள்ளைகள் ஒன்றையொன்று தள்ளிவிட்டுச் சிரித்தன. பாண்டிச்செல்வி எழுந்தாள். முன்வரிசையில் இருந்த மாரிசெல்வி என்ற ஒல்லிப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிப்போய்க் குழாயைத் திருகினாள்.

ஐந்தாவது நிமிடத்தில் ஹெட்மாஸ்டர் வந்துவிட்டார். “டேங்க் காலியாயிரும் மேடம். சத்துணவுக்குத் தண்ணி வேணும்.”

“லாரி தண்ணி நான் அடிக்கச் சொல்றேன் சார். ஓடட்டும்” என்றான் மணிகண்டராஜ். வளைவைப் பற்றியோ ஓட்டெடுப்பைப் பற்றியோ அன்று அதற்குப் பிறகு அவன் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் முதலில் வாய்விட்டு எண்ணினார்கள். பிறகு சலித்து அடங்கினார்கள். மாரிசெல்வி மறுகாலுக்கு மாறி நின்றாள்.

“இன்னும் எம்புட்டு நேரம் பெரியம்மா? குளுருது.”

“பேசாம நில்லு தாயி. இன்னும் பாதிகூட ஆகலை.”

முழங்கை நீளாததால் பாண்டிச்செல்வி உடம்பையே குழாய்ப் பக்கம் சாய்த்து, அந்தச் சின்னக் கையைத் தண்ணீருக்கு நேராகத் தாங்கிப் பிடித்திருந்தாள். பட்டுச்சேலையின் கரை நனைந்து கணுக்காலோடு ஒட்டியிருந்தது. அவள் அதை எடுத்துச் செருகவில்லை.