விரிசலின் மேல்பக்கம்

பாடப்புத்தகத்தில் எரிமலை இருந்தது, பனியாறு இருந்தது. எங்கள் ஊரில் இரண்டும் கிடையாது. ஆனாலும் கல்வி அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது: புவி அறிவியல் நடத்தும் ஆசிரியர்கள் உள்ளூரிலேயே கிடைக்கும் பொருள்களைத் திரட்டிக் கண்காட்சிக்குக் கொண்டுவர வேண்டும். அக்கா ஆறாம் வகுப்பு டீச்சர். அந்தத் தாளை என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இந்த ஊர்ல பூமின்னு காட்ட என்னடா இருக்கு?"

"எல்லாம் கீழ இருக்கு" என்றேன்.

விளையாட்டாகச் சொன்னாலும் உண்மை அதுதான். ஊருக்கு அடியில் பழைய நிலக்கரிச் சுரங்கம். மூடி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. சந்தை, எங்கள் தெரு, அக்காவின் பள்ளி எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. எங்கே குடைந்தார்கள், எங்கே விட்டுவைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் கையை வீசி, "அந்தப் பக்கம் பூரா" என்பார்கள்.

அக்கா சுரங்க வரைபடத்தைத் தேடிப் போனாள். பழைய சுரங்க அலுவலகம் இப்போது சோபா கடை. மாடியில் கிடந்த காகிதத்தையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டதாகக் கடைக்காரர் சொன்னார். வந்தது வந்தீர்கள், ஒரு கட்டில் பார்த்துவிட்டுப் போங்கள் என்றும் சொன்னார். நில அளவை அலுவலகத்தில் ஒருவர் தலையை நிமிர்த்தாமலே, "எதுக்கு?" என்று கேட்டார். "பாடம் நடத்த" என்றாள். "வீடு கட்டறதா இருந்தா மனு கொடுங்கம்மா, பாக்கலாம். பாடத்துக்கெல்லாம் தர முடியாது."

வீட்டுக்கு வந்து செருப்பை உதறினாள்.

"வீடு கட்டறேன்னு ஒரு பொய் சொல்றதுக்கென்ன?" என்றேன்.

"நான் டீச்சர்டா."

"அதான் கோளாறு."

கடைசியில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டு கிடைத்தன. ஒன்று, மைதானத்து நடுவில் மழைக்குப் பின் தேங்கும் வட்டமான குட்டை. இரண்டு வருடமாகத்தான் அங்கே தண்ணீர் நிற்கிறது. அதை வைத்து ஏரி எப்படி உண்டாகிறது, தண்ணீர் எப்படி ஆவியாகிறது என்று நடத்தினாள். பிள்ளைகள் கப்பல் விட்டார்கள். இன்னொன்று, அவளுடைய வகுப்பறைச் சுவரில் ஓடும் விரிசல். மைதானத்தை ஒட்டிய கடைசி அறை அது. விரிசலுக்குள் விரல் நுழையும்.

"நிலம் நகருதான்னு பாக்கணும். கண்ணாடி வேணும்டா, மெல்லிசா."

நான் கண்ணாடிக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். உடைசலிலிருந்து விரல் அகலத்தில் பட்டைகள் வெட்டிக் கொடுத்தேன். விரிசலுக்குக் குறுக்கே, மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. இரண்டு முனையிலும் சிமென்ட் அப்பினோம். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி தாங்காது, உடைந்துவிடும். பக்கத்தில் அக்கா சாக்பீஸால் தேதி எழுதினாள். தினமும் பார்த்துச் சொல்ல ஒரு பெண்ணை வைத்தாள். எதற்கெடுத்தாலும் அளவுகோலோடு ஓடிவருவதால் வகுப்பில் அவளுக்கு 'ஸ்கேல்' என்று பெயர்.

மாதம் முடியும் முன் மேல் கண்ணாடி உடைந்தது. வேறு ஒட்டினாள். மறுபடியும் மேலே இருந்ததுதான் உடைந்தது.

அன்றிலிருந்து அக்காவுக்குப் பாடமெல்லாம் இரண்டாம்பட்சம். பிள்ளைகளை அந்த அறையிலிருந்து வெளியேற்ற வேண்டும், அது ஒன்றுதான் தலைக்குள் ஓடியது. தலைமையாசிரியரிடம் போய் நின்றாள்.

"வேற ரூம் இல்லம்மா. என் தலையிலயா உக்கார வைக்கப் போறீங்க?"

"சுவர் நகருது சார்."

"அப்ப கண்காட்சியில வைங்க. பெரிய அதிகாரி வருவாரு. அவரே பார்த்து எழுதிட்டா எனக்கும் நல்லது."

அதை நம்பி வைத்தாள். உடைந்த கண்ணாடிகள், புகைப்படங்கள், தேதி எல்லாம் மேஜையில் பரப்பி நின்றாள். அதிகாரி வந்தார், கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், சொக்கிப்போனார்.

"செலவே இல்லாம இவ்வளவு பெரிய பாடமா? இதுதாம்மா நாங்க கேட்டது!"

"சார், அந்த அறையில பிள்ளைங்க உக்காந்திருக்காங்க."

"உக்காரட்டும். கண்ணால பார்த்துப் படிக்கறாங்கல்ல?"

முதல் பரிசு கொடுத்தார்கள். அதோடு, அந்தச் சுவரைப் பூசவோ இடிக்கவோ கூடாது, மற்றப் பள்ளி ஆசிரியர்களுக்குக் காட்ட வேண்டும் என்று ஓர் உத்தரவும் வந்தது. கேடயத்தை அக்கா குளிர்சாதனப் பெட்டியின் மேல் குப்புறப் போட்டாள்.

"கூரை விழுந்தா அதுக்கும் ஒரு பரிசு தருவாங்க" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

மூன்றாவது முறையும் மேல் கண்ணாடி உடைந்தது. வேறு ஒட்டித் தேதி எழுதினாள். அன்று காலை அவள் யாரையும் கேட்கவில்லை. கரும்பலகையை நான்கு பிள்ளைகளைத் தூக்கச் சொல்லி, மைதானத்துக்குக் கொண்டுபோய் நாற்காலியில் சாய்த்து வைத்தாள். தலைமையாசிரியர் வராந்தாவில் நின்று கத்தினார்.

"ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு!"

"உள்ளே ஏதாவது ஆனா யாரு சார் பொறுப்பு?"

பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் கை தட்டினார்களாம். அன்று மாலை அதை என்னிடம் இரண்டு முறை சொன்னாள். வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

இரண்டு வாரம் மைதானத்தில் பாடம் நடந்தது. வெயில் காலம் என்பதால் குட்டை காய்ந்துவிட்டிருந்தது. அதன் அடிமண் மாவு மாதிரி, உட்கார மெத்தென்று இருக்கும். பிள்ளைகள் அங்கேதான் உட்காருவோம் என்று அடம்பிடித்தார்கள். அவளும் சரி என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை கணக்குப் பாடத்தின் நடுவே அந்த வட்டம் அப்படியே உள்ளே போனது. சத்தம்கூடப் பெரிதாக இல்லையாம், லாரியிலிருந்து மணல் கொட்டுகிற மாதிரிதான் கேட்டதாம். ஓரத்தில் இருந்தவர்கள் எழுந்து ஓடிவிட்டார்கள். நடுவில் இருந்த இரண்டு பேர் உள்ளே போனார்கள். ஒருவனைக் கயிறு கட்டி எடுத்தார்கள், கால் போயிற்று. ஸ்கேலை எடுக்க முடியவில்லை. பள்ளத்துக்குள் இன்னொரு பள்ளம் இருந்தது. எவ்வளவு ஆழம் என்று இறங்கியவர்களுக்கே தெரியவில்லை. வரைபடம் இருக்கிறதா என்று தீயணைப்புக்காரர் கேட்டிருக்கிறார்.

அக்காவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். தலைமையாசிரியர் வராந்தாவில் தான் கத்தியதை விசாரணையில் அப்படியே ஒப்பித்தார். பொய்யில்லை, கத்தினார்தான்.

அந்தப் பெண்ணின் அப்பா ஒருநாள் வந்தார். வாசலிலேயே நின்றார். "ரூமுக்குள்ளயே இருந்திருந்தா இருந்திருப்பாளே டீச்சர்" என்றார். திட்டக்கூட இல்லை. அவர் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு மாலையில் மேஜை மேல் இரண்டு தீப்பெட்டிகளை ஒட்டி நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றை விரலால் வெளிப்பக்கமாகச் சாய்த்தாள். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. மேலே அகலம், கீழே ஒன்றுமில்லை.

"மூணு தடவையும் மேல்கண்ணாடிதான் உடைஞ்சுது, இல்ல?"

"ஆமா."

"சுவர் மைதானத்துப் பக்கம் சாஞ்சிருக்குடா. அங்கதான் இறங்கியிருக்கு. தண்ணி வேற அங்கதான் நின்னுது." தீப்பெட்டியை மறுபடி நிமிர்த்தினாள். "நகருதான்னு மட்டும் பாத்தோம். எந்தப் பக்கம் போகுதுன்னு ஒருத்தரும் பாக்கல. கப்பல் விட்டோம்."

உனக்கு எப்படித் தெரிந்திருக்கும் அக்கா என்று சொல்லலாம். அதை ஊரே சொல்லிவிட்டது, அவளுக்கு அது எதற்கும் உதவவில்லை.

அவளுடைய குடையும் சாப்பாட்டு டப்பாவும் பள்ளியில் கிடந்தன. எடுத்துவர நான்தான் போனேன். மைதானத்தைச் சுற்றித் தகரம் அடித்திருந்தார்கள். வெளியே இடமில்லாததால் ஆறாம் வகுப்பைப் பழையபடி அந்த அறைக்கே அனுப்பிவிட்டார்கள். புது டீச்சர் எரிமலைப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். இரண்டு இடம் காலி. நான் சுவரைப் பார்த்தேன்.

வீட்டில் குடையை வாங்கி மூலையில் வைத்தாள் அக்கா.

"கடைசியா ஒட்டினது உடைஞ்சிருக்கா?"

மேல் கண்ணாடி அப்படியே இருந்தது. பக்கத்தில் அவள் எழுதிய தேதிகூட அழியவில்லை. இறங்க வேண்டியது இறங்கி முடிந்துவிட்டது, சுவர் நின்றுவிட்டது.

"இல்லக்கா."

தலையாட்டினாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்தாள். உள்ளே அந்த வெள்ளிக்கிழமைச் சோறு கறுத்துக் கிடந்தது. எழுந்துபோய்க் குழாயைத் திறந்து தேய்க்க ஆரம்பித்தாள்.