ரிப்பன் கட்டிய போத்தல்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. எருக்கலம்பிட்டி மீன் வியாபாரி மஹ்மூது நானா எனக்குப் பாரை வெட்டித் தரும்போது சொன்னது. செதில் கழித்தது மட்டும் நான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மன்னார்க் காற்றில் கழுதைகள் காதை ஆட்டியபடி…"

(வெட்டிவிட்டேன். மன்னார்க் கதை என்றால் கழுதை வந்தே தீரவேண்டுமா?)

2

மில்ரன் ஒரு விவசாயக் கந்தோரில் தற்காலிக உத்தியோகத்தர். பயிருக்கு உரமாகும் பக்டீரியாவை எதில் வைத்தால் கூடுதல் காலம் உயிரோடு இருக்கும் என்று ஆறு மாதம் சோதித்தார். கரித்தூளில் வைத்தது இரண்டு மாதத்தில் செத்தது. தேங்காய்த் தும்புத்தூளில் மூன்று மாதம் தாக்குப்பிடித்தது. இனிப்புச் சேர்த்த திரவத்தில் விட்டது ஆறாம் மாதமும் உயிரோடு இருந்தது. ஒரே நிபந்தனை, குளிரில் இருக்கவேண்டும்.*

* கந்தோரில் குளிரான இடம் பிரிட்ஜ் ஒன்றுதான். (பணிப்பாளரின் அறையை மறந்துவிட்டேன்.)

3

நானாட்டானில் உரம் வழங்கும் விழா. காலையில் பணிப்பாளர் பிரிட்ஜைத் திறந்தார்.

"இதென்ன மில்ரன், பிரதம அதிதிக்குச் சோடா வைக்க இடமில்லை?"

"சேர், இதுக்குள்ள உயிர் இருக்கு…"

"அதிதிக்கும் உயிர் இருக்கு. எடும்."

நூறு உரப் போத்தல்கள் சிவப்பு ரிப்பன் கட்டி மேடை மேசையில் வெயிலில் நின்றன. இடம் போதாமல் பன்னிரண்டு மிஞ்சின. அந்த வழியாக மீன் விற்க வந்த மஹ்மூதை மில்ரன் மறித்தார்.

"நானா, இதுகளை உங்கட ஐஸ் பெட்டிக்குள்ள வைப்பமோ?"

"வையுங்கோ, பாரைக்குப் பக்கத்தில படுக்கட்டும். ஆரும் கேட்டா கிலோ என்ன விலையெண்டு சொல்லுறது?"

ஒன்பது மணிக்கு வரவேண்டிய அதிதி இரண்டு மணிக்கு வந்தார். சோடா நல்ல குளிர். மேசைப் போத்தல்களைத் தொட்டால் கை சுட்டது.

4

(மில்ரனில் எனக்குச் சந்தேகம். செத்த உரம் என்று தெரிந்தும் ஏன் வாய் திறக்கவில்லை? நானாவிடம் கேட்டேன். "பெடியன்ட நிரந்தர நியமனக் கடிதம் பணிப்பாளரிட கையெழுத்துக்குக் கிடந்தது" என்றார். சந்தேகம் தீர்ந்தது.)

படிவத்தில் கையெழுத்து வைத்துப் போத்தல் வாங்கும் வரிசையில் பூமணி அக்கா வந்தார். மில்ரன் ஐஸ் பெட்டிப் போத்தலை நீட்டினார்.

"சீ, மீன் நாறுது! எனக்கும் ரிப்பன் கட்டினதைத் தாங்கோ தம்பி. உங்கட பேச்சை நம்பி இந்தமுறை யூரியாவும் எடுக்கேல்ல. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணியும் திறந்திட்டாங்கள்."

"அக்கா, அது வந்து…"

பணிப்பாளர் திரும்பினார். "என்ன மில்ரன், ஏதும் பிரச்சினையோ?"

5

முடிவு ஒன்று: மில்ரன் மைக்கில் உண்மையைச் சொல்ல, எல்லோரும் கைதட்டுகி—

(எந்த ஊரில்? அழித்தேன்.)

முடிவு இரண்டு: அக்கா ரிப்பன் போத்தலோடு சந்தோஷமாக வீட்டுக்கு—

(என் மனைவி றொசானா வாசித்துவிட்டு, "அறுவடைக்கு அவவின்ர முகத்தில நீங்கள் முழிப்பீங்களோ?" என்றா.)

முடிவு மூன்று: அக்கா இரண்டையும் வாங்கிக்கொண்டு—

(ஒரு கையெழுத்துக்கு ஒரு போத்தல். படிவத்தில் இடமில்லை.)

உண்மையில் என்ன நடந்ததென்று நானாவைக் கேட்டேன். "அந்த நேரம் பாத்து ஒரு ஆள் சூடை மீன் கேட்டு வந்திட்டுது, நான் பாக்கேல்ல."

6

ஆகவே மில்ரனின் வாயைப் பாதி திறந்தபடியே விட்டிருக்கிறேன். பூமணி அக்காவின் கை ரிப்பனை நோக்கி நீண்டு நிற்கிறது. வீட்டில் அவருடைய விதைநெல் சாக்குக்குள் முளை விட்டாயிற்று. விடிந்தால் விதைப்பு.

நீங்களும் வரிசையில், அக்காவுக்குப் பின்னால்தான் நிற்கிறீர்கள். எது செத்தது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் கடிதம் எதுவும் அந்தப் பணிப்பாளரின் மேசையில் இல்லை.

சொல்லுங்கோ. அக்கா பேனையை எடுத்திட்டா.