குளிர்ந்த முனையில் மஞ்சள்

டெல்லூரியம் டெட்ராகுளோரைடு பொல்லாத சரக்கு. ஈரக் காற்று பட்டால் போதும், புகைந்து வெளுத்துக் கெட்டுவிடும். ஆய்வகத்தில் அக்கா நாலு முறை படிகம் வளர்க்கப் பார்த்து, நாலும் பாழாய்ப் போனது. வெறுத்துப்போய், கண்ணாடி ஊதும் வேலை பார்க்கும் தங்கையைக் கூப்பிட்டாள். தங்கை அந்தச் சரக்கின் தூள் இருந்த கண்ணாடிக் குழாயின் காற்றை வெளியேற்றி, அதன் வாயைத் தீயில் உருக்கி அடைத்தாள். ஒரு முனையை மட்டும் சூடேற்றினார்கள். மத்தியானத்துக்குள் தூள் ஆவியாகி, குளிர்ந்த முனையில் வெளிர்மஞ்சள் படிகங்களாகப் பூத்திருந்தது.

"வந்துடுச்சுடி!" அக்கா குழாயோடு குதித்தாள்.

"அய்யோ அக்கா, மொதல்ல அதைக் கீழ வை!"

வைத்தாள். பிறகு தங்கையைத் தூக்கிக்கொண்டு குதித்தாள்.