தறித்தெருவில் மூன்று விநாடி

"ஏண்டி, தறி ஆடறதுக்கும் பூமி ஆடறதுக்கும் உனக்கு வித்தியாசம் தெரியுமா?" என்று கலைவாணி ஒருமுறை கேட்டாள்.

"தறி நின்னா கூலி போவும். பூமி ஆடுனா வூடே போவும்," என்றாள் தங்கை மஞ்சு. அக்காவுக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

இப்போது அந்த அக்காவின் பாதங்களைக் கழுவி மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள் மஞ்சு. நகரி ஊரின் அந்த நெசவுத்தெருவில் ஒரு விசைத்தறியும் ஓடவில்லை. சாவு விழுந்தால் பாடை தெருமுனை திரும்பும்வரை எல்லாத் தறிகளும் நிற்கும். திரும்பியதும் ஒன்றாகக் கிளம்பும்.

வாசலில் கடப்பாரையோடு தயங்கி நின்றான் சுனில். திருப்பதி நிலநடுக்க ஆய்வு அலுவலகத்தில் அக்காவின் கீழே வேலை பார்த்தவன். கொல்லையில் அவள் புதைத்து வைத்த நிலநடுக்கம் அளக்கும் பெட்டியை எடுத்துப்போக வந்திருந்தான்.

"பொணம் போறதுக்குள்ள பொட்டியத் தூக்க வந்துட்டியா?" என்றாள் அம்மா ரத்னம்மா.

"ஆபீஸ் ஆர்டரும்மா. எனக்கு மட்டும் ஆசையா?"

நிலநடுக்கத்தின் முதல் அலை வந்த மூன்று விநாடிக்குள் அதன் அளவைச் சொல்ல வேண்டும். படபடவென்று நடுங்கினால் சின்னது. மெதுவாக அசைந்தால் பெரியது. அழிக்கிற அலை பின்னால்தான் வரும். அதற்குள் ஊரை எச்சரிக்கலாம். அதுதான் அக்காவின் வேலை. ஆனால் இங்கே மின்சாரம் போய்த் திரும்பும்போதெல்லாம், தறிகள் சேர்ந்து கிளம்புவதைப் பெட்டி நிலநடுக்கம் என்றே நம்பியது. அலுவலகத்தில் சிரித்தார்கள். ஆளில்லாத மலைப்பக்கம் வைக்கச் சொன்னார்கள்.

"ஜனங்க இருக்கற எடத்துலதான் சத்தம் இருக்கும். பொட்டியும் அங்கதான் இருக்கணும்," என்றாள் அக்கா. புற்றுநோயில் படுத்தபடியே பெட்டியின் கணக்கைத் திருத்தி எழுதி, போன வாரம் பெட்டியில் ஏற்றினாள். அன்றிலிருந்து மின்சாரம் போகவே இல்லை; புதுக் கணக்கைச் சோதிக்க வழியில்லாமல் போயிற்று.

"தறி கிளம்பற வரைக்கும் இரு சுனிலு. அப்பவும் தப்பா சொன்னா நானே தோண்டிக் குடுக்கறேன்," என்றாள் மஞ்சு.

பாடை போயிற்று. பெண்கள் வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். மஞ்சு கொல்லைக்கு வந்தாள். துணி துவைக்கும் கல்லின்மேல் சுனில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தான். பறைச்சத்தம் முனை திரும்பித் தேய்ந்தது.

தறிகள் கிளம்பின. தொட்டித் தண்ணீர் நடுங்கியது. திரையில் கோடு எகிறியது. மஞ்சு திரையருகே குனிந்தாள்.

அளவு காட்டும் கட்டத்தில் எண் எதுவும் வரவில்லை. அக்கா எழுதிவைத்த ஒரு சொல் வந்தது: 'தறி'.

"யம்மா! உம் பொண்ணு சரியா சொல்லிடுச்சி!" என்று கத்தினாள் மஞ்சு.

ரத்னம்மா துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தாள். "அவ எப்போ தப்பா சொன்னா?"

சுனில் மடிக்கணினியை மூடினான். பெட்டி புதைந்த இடத்து மண்ணை வெறுங்காலால் மெல்ல மிதித்துச் சமமாக்கினான். பிறகு கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு சந்து வழியாகப் போனான்.