பிளக்கைப் பிடுங்காத சோதனை

போன ஐப்பசியில் ஒரு மலையையே கால் மணி நேரம் சரியவிடாமல் நிறுத்தி வைத்தவன் நான். அதுவும் ஒற்றை விரலால். நம்பாமல் சிரிப்பீர்கள். தோட்டத்தில் வேலை பார்க்கும் கருத்தம்மாளும் சிரித்தாள்.

டெலிபோன் ஆபீசில் ரிட்டயர்டாகிப் போடியில் சும்மா கிடந்தவனை, போடிமெட்டுக்குக் கீழே ஒரு ஏலத்தோட்டத்துக்காரர் கூப்பிட்டார். சரிவில் புதைத்த கருவி மண்ணின் ஈரத்தைச் சொல்லும். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் இருக்கும் கம்ப்யூட்டர் அதைப் படித்து, ஈரம் எல்லை தாண்டினால் சங்கு ஊதும். கீழே லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருக்கும் இருபத்தாறு பேரும் மேலே பாறைமேல் இருக்கும் ஸ்டோருக்கு ஓடி வந்துவிட வேண்டும். அந்தப் புரோகிராமைச் செய்து ஓட்டுவது என் சோலி.

எழுதி ஓட்டினால், லைப்ரரியைக் காணோம் என்று அடம்பிடித்தது. லைப்ரரி என்றால் பல புரோகிராம்கள் பொதுவாகக் கூப்பிட்டுக்கொள்ளும் கோப்பு. அதுவோ ஒரு ஃபோல்டருக்குள் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது. அந்த ஃபோல்டரின் விலாசத்தை, வேலை பார்த்த திரையிலேயே தட்டிக் கொடுத்தேன். ஓடிவிட்டது. சங்குச் சத்தம் மதுரை வரைக்கும் கேட்டது. மாலை போட்டார்கள்.

அப்படித் தட்டிய விலாசம் கம்ப்யூட்டர் அணையும்வரைதான் செல்லும். மழை வந்தால் முதலில் போவது கரண்டு என்று இந்த மலையில் ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். எனக்குத் தோன்றவில்லை. அந்த வருச மழையில் கரண்டு போனது. பேட்டரிக்கு மாறுகிற நொடியில் கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. புரோகிராமும் எழுந்து லைப்ரரியைத் தேடி, ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் படுத்துக்கொண்டது. சங்கு ஊதவில்லை. லயத்தின் கடைசி வீட்டை மண் மூடியதில் கருத்தம்மாளின் புருசன் அமாவாசை போய்விட்டான்.

மூன்றாம் நாள் அந்த வரியைப் படித்தேன். தப்பு என்னுடையதுதான் என்று அவளிடம் நானே போய்ச் சொன்னேன்.

பிறகு விலாசத்தைக் கம்ப்யூட்டரின் நிரந்தரப் பட்டியலில் ஏற்றினேன். கருவியைத் தண்ணீர் வாளியில் முக்கிவைத்துக்கொண்டு ஆயிரம் தடவை பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன். ஆயிரம் தடவையும் ஊதியது.

“வெயில்ல நல்லாத்தாண்ணே ஊதுது,” என்று சிரித்தாள் கருத்தம்மாள். “மழையில ஊதட்டும், அப்பச் சொல்றேன். அதுவரைக்கும் ஒங்க சங்கை நம்பி நான் வாசப்படி தாண்ட மாட்டேன்.”

மறு வருசம், ஐப்பசி. மத்தியானம் மூன்று மணி, அடைமழை. கரண்டு போனது. கம்ப்யூட்டர் அணைந்து எழுவதற்குள் எனக்குப் பத்து வயசு கூடிவிட்டது. சங்கு ஊதியது.

லயத்தில் ஒருவரும் அசையவில்லை. கருத்தம்மாள்தான் விளக்குமாற்றோடு மேலே ஏறி வந்தாள்.

“எம் புருசன் சாகையில வாயை மூடிக்கெடந்த சனியன், இப்ப எதுக்குக் கத்துது? நிறுத்துறீங்களா, ஒடைக்கட்டுமா?”

“ஒடைச்சுத்தான் பாரேன், ஆத்தா!”

சண்டை பார்க்கக் கைப்பிள்ளைகளோடு லயமே அவள் பின்னால் திரண்டு வந்துவிட்டது. நான் விடுவேனா? ஒற்றை விரலை மலைப் பக்கம் நீட்டி, ‘அங்கேயே நில்லு’ என்று அதை நிறுத்திவிட்டு, கால் மணி நேரம் வாய்க்கு வாய் கொடுத்துக்கொண்டே இருந்தேன். என் அப்பன் பாட்டன் எல்லாரையும் திட்டி முடித்து அவள் மூச்சு வாங்கியபோது, நானும் விரலை மடக்கினேன். கீழே ஒரு சத்தம் கேட்டது. லயம் இருந்த இடத்தில் சேறும் ஒரு தகரமும்தான் தெரிந்தன.

தலைகளை எண்ணினேன். மறுபடி எண்ணினேன். இருபத்தைந்து. அமாவாசை போக எல்லாரும் இருந்தார்கள்.

கருத்தம்மாள் கையிலிருந்த விளக்குமாறு நழுவியது.

“ஊதுச்சுண்ணே,” என்றாள். “மழையில ஊதுச்சு.”